வேலிக்கு ஒரு பிரசங்கம்

எங்கள் வளவில் காற்றுக்குக் குறைவில்லை, ஆட்களுக்குத்தான். கரவெட்டியின் ஓரம். மூன்று பக்கமும் தோட்டக்காணி, நான்காம் பக்கம் பக்கத்து வீட்டு மாமியின் வேலி. என் தகப்பன், ஐயா, அங்கே சுவிசேஷம் சொல்ல அனுப்பப்பட்ட உபதேசியார். அம்மா அதற்கு முன்பே காலமாகியிருந்தா. ஞாயிறு பின்னேரங்களில் முற்றத்தில் பாய் விரிப்பது என் வேலை. விரித்த பாயில் நானே முதலாவதாகவும் கடைசியாகவும் உட்காருவேன்.

முன்பு அப்படி இருக்கவில்லை. வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஒருவர் குனிந்து நுழையக்கூடிய ஓட்டை. அயல் பெண்கள் அதால்தான் போய்வருவது. நெருப்புக் கேட்டும் கறிவேப்பிலை கேட்டும் மாமி வருவா. வந்த சாட்டில் என் தலையை இழுத்துப் பின்னுவா. பின்னியபடியே ஐயா வாசிப்பதைக் கேட்பா. ஒருநாள் அதை மாமா கண்டுவிட்டார்.

பனையோலை வெட்டி வேலி அடைக்கிற காலம் வந்தது. மாமியின் பக்கத்தை அடைப்பது அந்த வருஷம் எங்கள் முறை. மாமா ஒழுங்கையில் நின்றபடியே சொன்னார்: “உபதேசியார், இந்தமுறை பொட்டு வையாமல் அடையும். உம்மடை வேதம் என்ரை வளவுக்கை வரவேண்டாம்.”

ஐயா ஓம் என்று தலையாட்டினார். ஓர் ஈர்க்கு நுழைய இடமில்லாமல் அடைத்தார். நான் ஓலைக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதேன். மறுநாளிலிருந்து என் தலையை அவரே பின்னினார். உச்சி வகிடு ஒருநாளும் நேராக விழவில்லை.

ஐயாவை அனுப்பிய பட்டணத்துப் போதகர் மாட்டுவண்டியில் வந்து, வெறும் பாயைப் பார்த்தார். “கர்த்தர் பிறந்த நத்தாருக்குள்ளை ஓராளாவது வரவேணும், உபதேசியார். இல்லாட்டி உந்த இடத்தை விடவேண்டியதுதான்.”

விட்டுப்போனால், வேலிக்கு அப்பால் கேட்கும் மாமியின் கிணற்றுத் துலாச் சத்தமும் எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு ஐயா பாயைத் திருப்பிப் போடச் சொன்னார். வாசல் படலைக்கு முதுகு, வேலிக்கு முகம். உரத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒழுங்கையால் போன பெடியள் நின்றார்கள்.

“உபதேசியார் வேலிக்குப் பிரசங்கம் வைக்கிறாரடா!”

ஐயாவும் சிரித்தார். “வேலியெண்டால் பாதியிலை எழும்பிப் போகாது, தம்பியவை.”

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் அந்த ஓலைகள் ஐயாவைக் கேட்டன. பச்சை போய், மஞ்சள் போய், மாரிமழையில் கறுக்கவும் தொடங்கின.

மழை விட்ட ஒரு ஞாயிறு, காசைத் தொலைத்த பெண்ணின் கதை. அவள் விளக்கைக் கொளுத்தினாள், வீட்டைக் கூட்டினாள், மூலை முடுக்கெல்லாம் தேடினாள். அந்த இடத்தில் ஐயாவை இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி, ஏலாமல், புத்தகத்தை மூடிவிட்டார். ஓலையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து, மூச்சுப்போல மாமியின் குரல்: “கிடைச்சதோ?”

ஐயா மூடிய புத்தகத்தைத் திறந்தார். பிறகு கரகரத்தபடி சொன்னார்: “ஓம் தங்கச்சி, கிடைச்சது. அயலட்டையெல்லாத்தையும் கூப்பிட்டுக் காட்டினாள்.”

நான் ஓடிப்போய் ஓலையில் வாயை வைத்தேன். “மாமி, இங்காலை வாங்கோவன்!” ஈரமண்ணில் காலடி விலகிப் போனது. ஓலையின் புளித்த மணம் மட்டும் என் உதட்டில் இருந்தது.

நத்தாருக்கு முந்திய கிழமை போதகர் வந்தார். “ஆரும் வந்தவையோ?”

“ஓம்,” என்றார் ஐயா. “ஓராள் வந்திட்டா.”

நான் பாயைப் பார்த்தேன். படலையைப் பார்த்தேன். பொட்டில்லாத வேலியையும் பார்த்தேன். பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று என்னை வெருட்டுகிற ஐயா!

அன்றைய ஜெபத்தில், ஐயாவின் அந்தப் பொய்யை மன்னித்துவிடும்படி ஆண்டவரிடம் இரகசியமாகக் கேட்டுக்கொண்டேன்.