கூரான பல்

என் துணிப்பையின் அடியில் சைக்கிளின் பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஒன்று கிடக்கிறது. ப்ரீவீல் என்று கடையில் சொல்வோம். துணி எடுக்கக் கைவிட்டால் பல் ஒவ்வொன்றும் விரலில் குத்தும். இதைப் பார்த்து ஒரு கிழவி சொன்ன சொல்லால்தான் இத்தனை ஊர் மாறியும் இதைத் தூக்கி எறியாமல் இருக்கிறேன்.

உலகச் சண்டைக் காலத்தில் சின்னமனூரில் ஒரு சைக்கிள் கடையில் இருந்தேன். அதற்கு முன்னால் கம்பத்தில் வண்டி ஓட்டினேன், மலைத் தோட்டத்தில் மூட்டை தூக்கினேன், காய்ச்சல் வந்து இறங்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அந்தக் கடையில் சோறு கிடைத்தது, இருந்தேன்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா திருவிதாங்கூர்ப் பக்கத்துக்காரர். சுற்றுப்பட்டி ஊர்களுக்குப் பிரசவம் பார்க்க சைக்கிளில் போவார். பெண் ஒருவர் சைக்கிளில் போவதைப் பார்த்து முதலில் சிரித்த ஊர்கள், பிறகு அந்த மணிச்சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கின. ஒரு சனிக்கிழமை வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். செயின் நீண்டு தொங்கிப்போய், பர்லாங்குக்கு ஒரு தரம் கழன்றதாம். குச்சனூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் வலி எடுத்து ஆள் வந்திருந்தது.

கடைக்காரர் டயர் தேடி மதுரைக்குப் போயிருந்தார். கடையில் புதுச் செயின் ஒன்றே ஒன்று இருந்தது. புதுப் பல்சக்கரமோ கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. பல் தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினை மாட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். "ஏலே, ரெண்டும் சேந்தே தேஞ்சது. ஒண்ண மட்டும் மாத்துனா ஒண்ணு ஒண்ணத் தள்ளி விட்டுரும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பழைய செயினில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு மாட்டியிருந்தால் சத்தம் போட்டுக்கொண்டாவது போயிருக்கும். அவர் அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, நல்லதாகக் கொடுக்க நினைத்தேன். புதியதை மாட்டி, வண்டியைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றினேன். சத்தமே இல்லை.

"பேடிக்காம போகலாமா தம்பி?" என்றார்.

"பயப்படாமப் போங்கம்மா, தண்ணி மாதிரி ஓடும்" என்றேன்.

கையால் சுற்றும்போது எந்தப் பல்லும் வழுக்காது. ஆள் ஏறி மிதிக்கும்போதுதான் வழுக்கும்.

சனிக்கிழமையானதால் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவர் வாய்க்கால் கரையோடு திரும்பியிருக்கிறார். கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லின் மேல் ஏறித் தாவியது. பெடல் வெறுமையாகச் சுற்ற, தலைகுப்புற விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மீதி வழியை நடந்தே போனார். குழந்தை கால் முன்னால் திரும்பியிருந்தது. ஒரு கையால் பார்த்தார். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

எட்டு நாள் கழித்து, கையைக் கழுத்தில் துணித்தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். ஏன் வழுக்கிற்று என்று கேட்டார். கடையில் கொண்டுவந்து போட்டிருந்த அவர் வண்டியிலிருந்து ப்ரீவீலைக் கழற்றிக் காட்டினேன். ஒரு பக்கம் குடைந்து, நுனி மெலிந்து, எல்லாப் பற்களும் அரிவாள் மூக்குப்போல ஒரே பக்கம் வளைந்திருந்தன. புதுச் செயின் பள்ளத்தில் உட்கார முடியாமல் அந்த வளைவின் மேல் ஏறியதைச் சொன்னேன்.

"அன்னிக்கே அறியுமா?"

"தெரியும்மா."

அவர் திட்டவில்லை. "எனக்குக் கைராசி இல்லேன்னு பறையிறாங்க. எட்டு நாளா ஒரு வீட்ல இருந்தும் ஆள் வரல்ல. நீ போய் அந்த வீட்ல இதைச் சொல்லு. எனக்கு அது மதி, அது போதும்" என்றார்.

மறுநாள் போனேன். அந்த வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, குற்றம் என்னுடையது என்று ப்ரீவீலை நீட்டினேன். அவருடைய ஆத்தாள் வந்து அதை வாங்கி, ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்கனய்யா தேஞ்சிருக்கு? தீட்டுன அருவா கணக்கா கூராத்தானே இருக்கு. தேஞ்சது மொட்டையால்ல இருக்கும்? அந்தம்மா சொல்லிவிட்டாகளாக்கும்."

புதுப் பல் மழுங்கலாகத்தான் இருக்கும், தேயத் தேயத்தான் கூராகும் என்றேன். சொல்லும்போது எனக்கே பொய்போலக் கேட்டது. பக்கத்தில் வைத்துக் காட்ட என்னிடம் புதுச் சக்கரம் இல்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வாய்யா" என்றார். நர்ஸம்மாளே ஆள் வைத்துப் பொய் சொல்லச் சொன்னார் என்ற பேச்சு, நான் கடைக்குத் திரும்புமுன் சந்தைக்கு வந்துவிட்டது.

டயருக்காகப் பத்து நாள் அலைந்து மதுரையிலிருந்து வந்த கடைக்காரர் என்னை வேலையை விட்டு அனுப்பி, "ஏலே, இந்தச் சனியனையும் எடுத்துக்கிட்டே போ" என்று ப்ரீவீலை என் பின்னால் வீசினார். எடுத்துக்கொண்டேன். நர்ஸம்மாளை யாரும் கூப்பிடவில்லை. கை கூடிய பிறகு குமுளி வழியாக ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று நான் வடுகபட்டியில் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தவில்லை.

சண்டை முடிந்த பிறகு தேனியில் ஒரு கடையில் புது ப்ரீவீல்கள் கயிற்றில் கோத்துத் தொங்கின. ஒன்றை வாங்கினேன். பல்லின் தலை மழுங்கலாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன்.

கிழவி இறந்திருந்தாள். தலை நரைத்த வீட்டுக்காரரின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குழந்தையை இறக்கிவிட்டு இரண்டையும் வாங்கினார். பழையதைப் புதியதன் மேல் வைத்து, பல்லோடு பல் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தார். பழைய பல் குடைந்துபோன இடத்தில் புதிய பல் வெளியே தெரிந்தது.

"ஆமா. தேஞ்சுதான் இருக்கு" என்றார். இரண்டையும் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா இப்ப எங்கன இருக்காக?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். புதியதைக் குழந்தை எடுத்து மண்ணில் உருட்டிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுப் பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.