மூணாம் வீட்டுக்காரி

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட லயத்தில் எங்களுக்கு மூன்றாம் வீடு. லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்கு அடியில் எட்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், அவ்வளவுதான். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அம்மா மூணாம் வீட்டுக்காரி, நான் மூணாம் வீட்டுப் புள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அப்பா காய்ச்சலில் போகும்வரை அம்மாவுக்கு அதில் பெருமைதான்.

காரியம் முடிந்த கையோடு கங்காணி வந்து நின்றார். "ஆத்தா, ரெண்டாள் வேலைக்கு வர்ற குடும்பத்துக்குத்தான் வீடு. புது ஆளுக வர்றாக. வெரசா ஒழிச்சுக் குடு."

அம்மா கெஞ்சினாள். "அண்ணே, அவுகளப் பொதைச்ச எடம் இங்கனதான இருக்கு. கடைசி வீட்டுச் சுவத்தோட ஒரு சாய்ப்பு எறக்கிக்கிர்றேன்."

"தொரை எட்டுன்னா எட்டுதான் ஆத்தா. ஒம்பதுன்னு ஒண்ணு கெடையாது."

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவு பெரிய மலையில் இடத்துக்கா பஞ்சம்?

வெகுகாலம் கழித்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வேலைக்குப் போனேன். அதில் அர்ரே என்று ஒன்று. வரிசையில் எத்தனை இடம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டு என்று சொல்லிவிட்டால் ஒன்பதாவதைச் சேர்க்க வழியில்லை. மூன்றாம் இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தால் பழையது அழிந்துபோகும், எண் மட்டும் அப்படியே நிற்கும். சட்டென்று பிடித்துக்கொண்டேன் என்று கூட இருந்தவர்கள் பாராட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு லயத்தை விட்டு இறங்கி, மலைக்குக் கீழே தேவாரம் என்ற ஊரில் மாமா வீட்டில் ஒண்டினோம். அப்பாவின் வருச நாளுக்கு அம்மாவும் நானும் மலையேறிப் போனோம். லயத்தைத் தாண்டும்போது குழாயடியிலிருந்து ஒரு குரல்: "மூணாம் வீட்டுக்காரி, வெரசா வா, தண்ணி நிக்கப் போகுது!"

"இந்தா வர்றேன்" என்று அம்மா திரும்பி நாலெட்டு ஓடிவிட்டாள். அதே நேரம் மூன்றாம் வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் குடத்தோடு வெளியே வந்தாள். இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க யாரு ஆத்தா?"

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தேவாரத்துலருந்து வர்றோம்" என்று நான்தான் சொன்னேன்.