சகலையின் டர்போ

சைலன்சர் வெல்டிங்கில் அவரை அடிக்க ஆளில்லை. அதுவே பெயராக நிலைத்து, ஊரே அவரைச் சைலன்சர்காரர் என்றுதான் கூப்பிட்டது. மாமனார் வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் சகலைதான் ராஜா. இருவரிடமும் ஒரே மாடல் பழைய கார். அதிலாவது இருவரும் சமம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தார்.

அதற்கும் வேட்டு வைப்பதுபோல் ஒருநாள் சகலை ஒரு டர்போவோடு பட்டறையில் வந்து இறங்கினார்.

"அண்ணே, மத்ததெல்லாம் மெக்கானிக் பாத்துக்கறாரு. பைப் வெல்டிங் மட்டும் உங்க கைதான் படணும்."

நத்தை ஓடு மாதிரி இருந்த அதை வாங்கி, உள்ளிருந்த விசிறியைச் சுண்டிவிட்டார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. புகையின் வேகத்தில் இது சுழன்று, தானாக மூச்சிழுக்கும் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும். அவருக்கு வயிறு எரிந்தது. வெல்டிங்கில் ஒரு பொடி ஓட்டை விட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. கை கேட்கவில்லை. வழக்கத்தைவிட அழகாகவே வந்து தொலைத்தது.

எல்லாம் பூட்டி முடித்து ஓட்டிப் பார்க்கையில் அவரும் ஏறினார். மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கூடவே, தகர டப்பாவில் கோலிகுண்டு உருளுவதுபோல என்ஜினில் ஒரு சத்தம். காற்று கூடியிருக்கிறது, அதற்கேற்ற பெட்ரோல் வரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இப்படியே விரட்டினால் பிஸ்டன் பொத்துக்கொள்ளும்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ம்... பரவாயில்ல" என்றதோடு வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போகலாம் என்று சகலை மனைவியோடு வந்தார்.

"அக்கா, நீயும் ஏறு. மாமா வண்டில வந்தா விடிஞ்சிடும்!" என்று கொழுந்தியாள் சிரிக்க, அவர் மனைவியும் ஏறிக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் தெருமுனை தாண்டியதும் எரிச்சலை மீறிப் பயம் வந்தது. போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. தன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பாதி மலையில் சகலையின் கார் புகை கக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தது. யாருக்கும் அடி இல்லை. அக்காளும் தங்கையும் சகலைக்குத் தண்ணீர் கொடுத்து, "பாவம், எவ்வளவு ஆசையா செஞ்சாரு" என்று ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பரிவைக் கண்டும் அவருக்குப் பொறாமைதான் வந்தது.

இழுத்துப்போகக் கயிறு கட்டும்போது குனிந்தபடியே சொன்னார்:

"அன்னிக்கே சத்தம் கேட்டுச்சு சகலை. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"உங்க வண்டி என்னைத் தாண்டிப் போறது பொறுக்கல."

சகலை தன் காரில் போய் உட்கார்ந்தார். சைலன்சர்காரர் தன் காரில் ஏறியதும், மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"நானும்தானே அதுல ஏறினேன்?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாளே மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு அந்த என்ஜினைப் பிரித்தார். டர்போவுக்குத் தோதான பிஸ்டன் போட்டு, பெட்ரோல் அளவைக் கூட்டி, சத்தம் அடங்கும்வரை விடவில்லை. சகலை சீக்கிரமே பழையபடி அண்ணே என்றார். மனைவி முகம் கொடுத்துப் பேசத்தான் நாளாயிற்று.

இப்போது மேடு வந்தால் சகலையின் கார் அவரைச் சர்ரென்று முந்திப் போகிறது. தன் கைவேலை என்று பெருமைப்படத்தான் பார்க்கிறார். முடியவில்லை.