மஹ்தியாவில் தலந்தா வரைந்த மீன்

தலந்தா பட்டம் வாங்கிய கோடையில் அவளுடைய அப்பா ஒரு ஆட்டை அறுத்துத் தெருவுக்கே குஸ்குஸ் போட்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் தம்பி, "அந்த ஆட்டை உயிரோட விட்டிருந்தா இந்நேரம் ஒரு மந்தையே மேய்ஞ்சிருக்கும்" என்பான்.

குளிர்காலத்தில் ஆலிவ் பறிக்கப் போவாள். கோடையில் மஹ்தியா கடற்கரை ஹோட்டலை ஒட்டிய கடையில் உட்கார்ந்து, வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோன ஜெர்மன்காரர்களுக்குக் களிம்பு விற்பாள். தரக்கட்டுப்பாட்டில் முதல் வகுப்பில் தேறியவள் களிம்பு டப்பாக்களை அடுக்கும் நேர்த்தியைப் பார்த்துக் கடைக்காரர் அசந்துபோவார். கடைசியில் எல்லோரும் நம்பிக்கையை விட்ட பிறகு, ஊரிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியிலேயே ஆசிரியை வேலை வந்தது. சேதி வந்தபோது கையிலிருந்த களிம்பு முழுவதையும் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் அப்பிவிட்டாள் என்று சொல்வார்கள். அவள் அதை மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவளால், தன்னிடம் படித்து முடித்த பிள்ளைகள் காபிக் கடையில் ஒரே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அதிலும் ரஃப்லா. மின்சாரப் பிரிவில் அவளைப் போல ஒரு மாணவி வந்ததில்லை. படித்து முடித்து இரண்டு வருஷமாக அத்தையின் பலகாரக் கடையில், முட்டை வைத்து மடிக்கும் பிரிக் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் இளவேனிலில் டைரக்டர் மொங்கி தலந்தாவைக் கூப்பிட்டார். மனிதர் நல்லவர்தான். பிரச்சினை என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்று மாத்திரையைத் தேடுவார்.

"மினிஸ்ட்ரியிலருந்து ஆளுங்க வர்றாங்களாம். நம்ம பசங்களுக்கு ஏன் வேலை கிடைக்கலன்னு காரணம் கேப்பாங்க. நீ ஒண்ணு எழுதிக் குடுத்துடும்மா. பொருளாதார நிலைமைன்னு எழுது, போதும்."

"அது காரணம் இல்ல சார், வானிலை. எல்லா காலேஜுக்கும் அதே மழைதான் பெய்யுது. மத்தவங்க பசங்க வேலைக்குப் போறாங்களே?"

"அப்ப என்னதான் பண்ணணுங்கற?"

"மீன் வரையணும்."

டைரக்டரின் கை மாத்திரை டப்பாவுக்குப் போனது.

மறுநாள் காலையில் மாடி நடைக்கூடத்துச் சுவரில் வெள்ளைத் தாள்களை வரிசையாக ஒட்டி, அவள் ஒரு மீனின் எலும்புக்கூட்டை வரைந்தாள். தலையில், "நம் பட்டதாரிகளுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?" என்று எழுதினாள். நடுவே நீளமாக முதுகுத்தண்டு. அதிலிருந்து பெரிய முட்கள்: ஆசிரியர், மாணவர், பாடம், பட்டறை, நிர்வாகம், கம்பெனிகள். ஒவ்வொரு முள்ளிலும் யார் வேண்டுமானாலும் காரணம் எழுதி ஒட்டலாம். ஒட்டியதைப் பார்த்து "அது ஏன்?" என்று கேட்டு, அதற்குக் கிளையாகச் சின்ன முள். மறுபடி "அது ஏன்?" இப்படியே போனால் எங்கோ ஒரு நுனியில், கையால் பிடுங்கக்கூடிய முள் ஒன்று அகப்படும். வகுப்பில் வருஷா வருஷம் அவள் நடத்துகிற பாடம்தான் அது.

வாசல் காவலர் துஹாமி படியேறி வந்து பார்த்தார். பாதி வாழ்க்கையைப் படகில் கழித்தவர்.

"இது என்ன மீனும்மா? முள்ளத் தவிர ஒண்ணையுமே காணோம். எங்க வீட்ல இதைப் பூனைகூடத் திங்காது."

"திங்கறதுக்கு இல்ல மாமா. பிடுங்கறதுக்கு."

முதல் நாளே மீன் ஊதிப்போனது. ஆசிரியர்கள் எல்லோரும் மாணவர் முள்ளில் போய் ஒட்டினார்கள்: சோம்பேறிகள், போனைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை. மாணவர்கள் எல்லோரும் ஆசிரியர் முள்ளில் ஒட்டினார்கள்: பாதி நாள் வருவதில்லை, வந்தாலும் நோட்டைப் பார்த்து வாசிக்கிறார்கள். மாலைக்குள் இயந்திரப் பிரிவு ஆசிரியர் ஒருவரும் மூன்றாம் வருஷ மாணவன் ஒருவனும் மீனின் வால் பக்கத்தில் நின்று கட்டிப் புரளாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தலந்தா ஒரு நாற்காலியைப் போட்டு மேலே ஏறி நின்றாள்.

"எல்லாத்தையும் கிழிக்கறேன். நாளையிலருந்து ஒரே சட்டம். அடுத்தவன் முள்ளுல யாரும் கைவைக்கக் கூடாது. அவங்கவங்க முள்ளுல மட்டும்தான் எழுதணும்."

ஒரு நாள் முழுக்க மீன் காலியாகக் கிடந்தது. ஆட்கள் அதன் எதிரே நடக்காமல் பின்பக்கப் படியால் சுற்றிப் போனார்கள். பிறகு ஆசிரியர் முள்ளில் ஒரு துண்டு முளைத்தது: "நான் சொல்லித் தரும் லேத் மெஷின் நான் படித்த காலத்தது. அது இப்போது எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை." கத்திக்கொண்டிருந்த அதே இயந்திரப் பிரிவு ஆசிரியர், பெயரும் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மாணவர் பக்கம் மடை திறந்துகொண்டது. "இன்டர்வியூவில் என் பெயரைக் கேட்டார்கள், பதற்றத்தில் அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன்." "மூன்று இடத்துக்குப் போனேன், மூன்று இடத்திலும் தரையைப் பார்த்தே பேசினேன்." "ஊரைவிட்டுப் போக அம்மா விடமாட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயம் எனக்குத்தான்."

படிக்கிறவர்கள் சிரித்தார்கள், சிலருக்குக் கண் கலங்கியது, பிறகு அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். நிர்வாகம் என்ற முள்ளில்கூட ஒரு துண்டு வந்தது: "மூன்று வருஷமாக ஒரு தொழிற்சாலை வாசலையும் மிதிக்கவில்லை." பெயர் இல்லை. ஆனால் அந்தப் பச்சை மையும் கோணல் கையெழுத்தும் கல்லூரியில் ஒருவருக்குத்தான் உண்டு. அன்று துஹாமி டைரக்டருக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

ஒரே ஒரு முள் மொட்டையாக நின்றது. கம்பெனிகள். அவர்கள் முள்ளில் அவர்கள்தானே எழுத வேண்டும்?

தலந்தா ரஃப்லாவைப் பிரிக் சட்டியிலிருந்து பிடுங்கி எடுத்து, லுவாஜ் என்கிற ஷேர் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு, சூஸா சாலையிலிருந்த ஒரு கார் வயர் தொழிற்சாலைக்குப் போனாள். மேலாளர் ஸுஹைர் அவள் எந்தக் கல்லூரி என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்களா! உங்க காலேஜுக்கு எத்தனை தடவைம்மா போன் பண்றது? ஒரு அம்மா எடுக்கறாங்க. 'செப்டம்பர் வரைக்கும் ஒரு நாள்கூட காலியில்ல கண்ணு, எல்லாம் புக் ஆயிடுச்சு'ங்கறாங்க. நானும் நினைச்சுக்கிட்டேன், அடேங்கப்பா, இவங்க பசங்களுக்கு என்ன கிராக்கின்னு!"

தலந்தா ரஃப்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை ரெண்டு பேரை அனுப்பினீங்க. அதைச் சொல்லணும். ரெண்டும் தங்கம். வாங்க, காட்டறேன்."

நாலாவது வரிசை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீல உடுப்பில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் ஸ்பானரால் இரும்புத் தூணை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தான். தலந்தா அவர்களைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ரஃப்லா அவள் கையைக் கிள்ளினாள்.

"மேடம்! இவனுங்க ஷெத்லியும் ஹம்மாவும். எங்க மாமா பொண்ணு கல்யாணத்துல தர்புகா மேளம் அடிச்சவனுங்க!"

ஷெத்லி ஸ்பானரைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஸுஹைரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"தர்புகாவா? டேய், டிப்ளமா எங்கடான்னு கேட்டப்பல்லாம் நாளைக்குக் கொண்டு வர்றோம்னு சொல்லி, கல்யாணப் பலகாரத்தைக் கொண்டு வந்து குடுத்தீங்களேடா!"

"நாங்க பொய் சொல்லல பாஸ்," என்றான் ஹம்மா. "டெக்னீசியன் வேணும்னீங்க. நாங்க ஸவுண்ட் செட் டெக்னீசியனும்தான். ஒயர் பத்த வைக்கறது எங்களுக்குப் பழக்கம்."

"மெஷின்?"

"மெஷின் தாளம் தப்பினா காது சொல்லிடும் பாஸ். அப்புறம் எங்க தப்புதுன்னு தேட வேண்டியதுதானே."

ஸுஹைர் கோபப்பட ரொம்ப முயற்சி செய்தார். ஆனால் அந்த இரண்டு பேரும் வந்த பிறகு நாலாவது வரிசை ஒரு தடவைகூட நின்றதில்லை. முதலில் அவருடைய தோள் குலுங்கியது, பிறகு தொப்பை. அதற்குள் ரஃப்லா தரையிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இவங்களை எடுத்தீங்க?" என்று தலந்தா விடாமல் கேட்டாள். அவளுக்கு ஒரு "ஏன்" பாக்கியிருந்தது.

"மத்த பசங்கல்லாம் என் ஷூவைப் பார்த்துப் பேசினாங்கம்மா. இவனுங்க கையைப் பிடிச்சுக் குலுக்கி, 'பாஸ், எது ரிப்பேரு, காட்டுங்க'ன்னானுங்க."

போனை எடுத்த அம்மாளைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகவில்லை. கல்லூரி தன் தொலைபேசி இணைப்பை மாற்றியபோது, பழைய எண் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தது. கல்லூரியின் விளம்பரத் தாள்களில் மட்டும் அதே எண். கட்டுக்கட்டாக அச்சடித்ததைத் தூக்கிப் போட டைரக்டருக்கு மனம் வரவில்லை.

மண்டபத்தின் சொந்தக்காரி லல்லா மன்னூபியா ஆஜானுபாகுவான பெண்மணி. தலந்தா எந்தக் கல்லூரி என்று சொன்னாளோ இல்லையோ, அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஓ, நீதானா அந்தக் காலேஜு! வாடி கண்ணு. ரெண்டு டெக்னீசியன் அவசரம்னு போன் வந்துச்சு. எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ மைக்கு கெட்டுப்போச்சு போலன்னு என் பசங்களை அனுப்பினேன். போனவனுங்க போனவனுங்கதான்! மாசச் சம்பளமாம், காப்பீடாம். கல்யாண சீசன்ல தர்புகாக்காரன் இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"லல்லா, மத்த போனெல்லாம்?"

"மத்த போனா? 'பத்து பேர் வேணும், எப்ப கிடைப்பாங்க'ன்னு கேப்பாங்க. மேளக்காரங்களைக் கேக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். என்கிட்ட ஏது பத்து பேரு?"

ஸுஹைரும் மன்னூபியாவும் சொன்னதையெல்லாம் தலந்தா அவர்கள் பெயரிலேயே மீனில் ஒட்டினாள். டைரக்டர் அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

"இதைக் கிழிச்சுடும்மா. மினிஸ்ட்ரிக்காரங்க பார்த்தா காலேஜ் மானம் போயிடும்."

"சார், கையால பிடுங்கற முள்ளு ரெண்டு கிடைச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

நம்பரை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தரையைப் பார்த்துப் பேசுகிற பிள்ளைகளை நிமிர்த்துவதுதான் கஷ்டம். அதற்கு ஷெத்லியும் ஹம்மாவும் வந்தார்கள். ஸுஹைர் அவர்களை வேலையில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார், ஆனால் மாலை வகுப்பில் சேர்ந்து முறையாகத் தேற வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார். அதனால் வேலை கிடைத்த பிறகு கல்லூரியில் சேர்ந்த இரண்டே மாணவர்கள் அவர்கள்தான். வகுப்பு முடிந்ததும் ஷெத்லி தர்புகாவை மடியில் வைத்துக்கொள்வான். பையன் கதவிலிருந்து தாளத்துக்கு நடந்து வர வேண்டும். கடைசி அடியில் நிமிர்ந்து, கண்ணைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். தரையைப் பார்த்தால் மறுபடி கதவுக்குப் போ.

"என்னடா, தரையிலயா உன் பேரு எழுதியிருக்கு? திரும்பிப் போ!"

கூடம் அதிர்ந்தது. பக்கத்து வகுப்புக்காரர்கள் பாடத்தை விட்டுவிட்டு வந்து ஆடினார்கள்.

தொழிற்சாலைக்காரர்களை ஒரே இடத்துக்குக் கூப்பிடலாம் என்பது மன்னூபியாவின் யோசனை. கல்யாணம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிட்டாள்.

"இத்தனை மாசமா உங்க போனை எடுத்தவ நான். எத்தனை கம்பெனி, யாரு குரல் எப்படி, எனக்குத்தான் தெரியும். நானே கூப்பிடறேன்."

"கல்யாண மண்டபத்துலயா இன்டர்வியூ? காலேஜோட மானம்..." என்று இழுத்தார் டைரக்டர்.

"மானத்துக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கறேன், கூட்டிட்டு வாங்க."

அந்த ஞாயிறு, பட்டு முடிச்சுப் போட்ட நாற்காலிகளில் மேலாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதாம் மிதக்கும் தேநீர் சுற்றி வந்தது. மன்னூபியா மேஜை மேஜையாகப் போய், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னாள்: "இந்தப் பையனைப் பாருங்க, குணத்துல குறையே சொல்ல முடியாது. கோபமே வராது. வெல்டிங் வெச்சா கோடு தெரியாது."

ரஃப்லாவின் முறை வருவதற்குள் மண்டபமே இருண்டது. காபி இயந்திரமும் குளிர்பதனமும் வண்ண விளக்குகளும் ஒன்றாக இழுத்ததில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் டைரக்டர் "யா ரப்பி" என்று முனகுவது மட்டும் கேட்டது. மின் பெட்டி மணப்பெண்ணின் சிம்மாசனத்துக்குப் பின்னால், உயரத்தில் இருந்தது. ரஃப்லா செருப்பைக் கழற்றிவிட்டு, ஹம்மாவிடம் திருப்புளியை வாங்கி, போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, சிம்மாசனத்தின் கைப்பிடி மேல் ஏறினாள். எதையோ கழற்றினாள், எதையோ மாற்றிச் செருகினாள். "காபி மெஷினை யாராச்சும் அணைங்க!" என்று அதட்டினாள். சடாரென்று தங்க விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

வெள்ளைத் திரை, பிளாஸ்டிக் ரோஜா, அதன் நடுவே சிம்மாசனத்தின் மேல் திருப்புளியோடு ரஃப்லா.

"அன்னிக்கு எங்க தரையில உட்கார்ந்து சிரிச்ச பொண்ணுதானே இது! பேரு என்ன?" என்றார் ஸுஹைர்.

ரஃப்லா அங்கேயே நிமிர்ந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். தன் பெயரைத்தான், அப்பா பெயரை அல்ல.

"இந்த வாரமே வந்துடறியா?"

மன்னூபியா விட்ட குலவையில் துறைமுகத்துக் கடற்பறவைகள் எழும்பியிருக்கும். ஷெத்லியும் ஹம்மாவும் அடிக்க ஆரம்பித்தார்கள். டைரக்டர் கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தால், அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார்.

எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. அந்த வருஷம் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேலே வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான். பழைய லேத் மெஷின் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது, அதன் முள்ளும் சுவரில் நிற்கிறது. மினிஸ்ட்ரிக்காரர்கள் வந்தபோது நடைக்கூடத்தில் ரொம்ப நேரம் நின்று படித்தார்கள். அவர்களில் ஒருவர் பேனா கேட்டு வாங்கி, ஓரமாக ஒரு புது முள் போட்டு, "அமைச்சகம்" என்று எழுதிவிட்டுப் போனார்.

ரஃப்லா முதல் தடவை வேலைக்குப் போன காலையில் தலந்தா ரொட்டி வாங்கத் தெருவுக்கு வந்திருந்தாள். தொழிற்சாலை வேன் மூலையில் திரும்பியது. ஜன்னல் வழியாக இடுப்பு வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நீலச் சட்டை.

"மேடம்! நாலாவது லைன் மேடம்! எனக்கு நாலாவது லைன்!"

தலந்தா ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினாள். எதற்கு ஓடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் ஓடினாள்.