எந்த ஸ்லைடு எந்தக் கூண்டு?

எலிக்கூண்டு கழுவுகிற வேலைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். நாற்றம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வரும். டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்பவும் காலிதான். என்னைப் போல எடுபிடி வேலையில் காலம் தள்ளினவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூரில் ஒரு காலேஜ், விலங்கியல் ஆய்வுக்கூடம், அங்கே நான் ஆயா. அரியலூர் தனி மாவட்டமாகப் போய், மறுபடி எங்களோடு வந்து ஒட்டிக்கொண்ட சமயம். படிப்பு எட்டாவது வரை. தினக்கூலி. நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதின பேப்பர் எங்கள் துறைத் தலைவர் சார் மேசையில் ரொம்ப நாளாகக் கிடந்தது.

கற்பூரம் கூடாது

தேன்மொழி ரஞ்சன்குடிப் பக்கத்துப் பொண்ணு, டாக்டர் பட்டத்துக்குப் படித்தது. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஈரலுக்குள்ளே என்ன பண்ணுகிறது என்பதுதான் அதன் ஆராய்ச்சி. மூன்று கூண்டு எலி. முதல் கூண்டுக்கு வெறும் தண்ணி, இரண்டாவதுக்குத் துளி மருந்து, மூன்றாவதுக்கு அதைவிடக் கூட. மூன்றுக்கும் தீனி வைத்து வளர்த்தவள் நான்.

எலிகளை மயக்கி ஈரலை எடுக்கிற அன்றைக்கு, பாவம் தீரட்டும் என்று ஒரு வில்லை கற்பூரம் கொண்டுபோனேன். ஈதர் பாட்டில் இருக்கிற ரூமில் தீயா என்று வெளியே விரட்டிவிட்டார்கள். வராந்தாவில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஸ்டோர் பஷீர் பாய் அந்தப் பக்கம் வந்தவர், என்னையும் காலிக் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மனசைத் தேத்திக்குங்கம்மா. என்ன, உங்க பிள்ளையாரு இனிமே டவுன் பஸ்லதான் வரணும்."

நாலு போற்றி

ஈரலை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலை விட மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டுவார்கள். ஈரல் என்பது கோடி அறை வைத்த வீடு, ஆயாம்மா என்று தேன்மொழி சொல்லும். ஒவ்வோர் அறைக்குள்ளும் உருண்டையாக ஓர் உட்கரு. அந்த உட்கருவுக்குள்ளே கடுகு போல ஒன்றிரண்டு புள்ளி. வெள்ளி மருந்தில் ஊற வைத்தால் அந்தப் புள்ளி மட்டும் கறுத்துத் தெரியும். விஷம் போனால் அது உடைகிறதா, சிதறுகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணணும்.

ஊற வைப்பது இருட்டில். கடிகாரம் கண்ணுக்குத் தெரியாது. நான் முருகனுக்கு நூற்றெட்டுப் போற்றி சொல்லுவேன். நிதானமாக நாலு தரம் சொன்னால் பதம் சரி. ஐந்தாவது தரம் போனால் ஸ்லைடு முழுக்கக் கரி. சாருக்கு நம்பிக்கையில்லை. வெளியே நின்று வாட்ச்சைப் பிடித்துப் பார்த்தார். நாலு நாள் பார்த்தும் அரை நிமிஷம் பிசகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, ஊற வைத்த நேரம் நாலு போற்றின்னு தீசிஸ்ல எப்படி எழுதறது?"

ஏழாம் நம்பர்

எண்ணுகிறவளுக்கு எது எந்தக் கூண்டு என்று தெரிந்தால், மனசு நினைத்ததையே கண்ணும் காட்டுமாம். அதனால் ஸ்லைடில் இருந்த பேரையெல்லாம் மறைத்து, சீட்டுக் குலுக்கிப் புது நம்பர் ஒட்டினது நான். எந்த நம்பர் எந்தக் கூண்டு என்கிற நோட்டும் என்னிடம். எண்ணி முடிகிற வரை யாருக்கும் காட்ட மாட்டேன், நானும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க மாட்டேன் என்று சிறுவாச்சூர் அம்மன் மேல் சத்தியம் பண்ணி, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

என் மகன் செல்வம் குரும்பலூரில் பருத்திக்கு அடித்தது அதே மருந்துதான். பனியன், கைலி, முதுகில் டேங்க், வேறொன்றும் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நெடி தூக்கும். ஒரு நாள் தேன்மொழி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டது. மைக்ராஸ்கோப்பில் ஏழாம் நம்பர் ஸ்லைடு. ஏழு, மூன்றாவது கூண்டு. ஒரு தரம் குனிந்தால் போதும், என் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துபோகும். ஆனால் பார்த்துவிட்டால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் படிக்கும். முந்தானையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முடிவு வருகிற வரைக்கும் சும்மா இருக்கவா நான் பெற்றேன்? அன்றைக்கே செல்வத்திடம் சொல்லிவிட்டேன், முழுக்கைச் சட்டை போட்டு மூக்கைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தால்தான் சோறு என்று. மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டான். நாலாம் நாள் சட்டையும் துண்டுமாக வயலிலிருந்து வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தான். "எலி வேற, நான் வேறம்மா. உன் ரசத்துக்காகப் போட்டிருக்கேன், சும்மா சிரிக்காத."

எனக்கு ஒரு நாற்காலி

அந்தப் பூச்சிமருந்துக்கு ஏஜென்சி வைத்திருந்த பெரிய மனுஷர் ஒருத்தர் காலேஜ் கமிட்டியிலும் இருந்தார். ஒரு நாள் சார் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அப்பவே தெரிந்தது, ஏதோ விவகாரம் என்று. "அந்த நோட்டை ஒரே ஒரு நாள் குடுங்க ஆயாம்மா, சரிபார்த்துட்டுத் தர்றோம்" என்றார் பெரிய மனுஷர். நம்பரை நாலு இடத்தில் மாற்றி எழுதினால் போதும், மூன்று கூண்டும் ஒன்றாகக் குழம்பி மருந்து நல்ல மருந்தாகிவிடும். அதுகூடவா எனக்குத் தெரியாது? சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை மேலே என் நிரந்தரப் பேப்பர், பக்கத்தில் மூடி திறந்த பேனா.

"எண்ணி முடியட்டுங்க சார்."

"எட்டாவது படிச்ச உனக்கு இதுல என்ன பிடிவாதம்?" என்றார் பெரிய மனுஷர்.

"எட்டாவது வரைக்கும் சத்தியத்தைக் காப்பாத்தணும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு மேல என்ன சொல்லிக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

பேனாவை மூடினார்கள். பேப்பர் டிராயருக்குள் போனது. வெளியே வந்தவளுக்கு, வராந்தாவில் நின்று எல்லாத்தையும் கேட்டிருந்த பஷீர் பாய் தண்ணி கொடுத்தார். "யா அல்லா! சேர்ல சட்டமா உக்காந்துக்கிட்டு, தன் சோத்துல தானே மண்ணைப் போட்ட ஆளு நீங்கதாம்மா."

நோட்டைத் திறந்த நாள்

நாற்காலிக் கதையைக் கேட்ட தேன்மொழி, நோட்டைத் திறக்கிற அன்றைக்குச் சாட்சி வேணும் என்று வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியையை அழைத்தது. பெரிய மனுஷரும் வந்து உட்கார்ந்தார். நான் நோட்டைப் பார்த்து நம்பரையும் கூண்டையும் சொல்ல, தேன்மொழி தன் கணக்கைச் சொல்ல, பேராசிரியை எழுதினார். வெறும் தண்ணி குடித்த கூண்டில் புள்ளிகள் ஒன்று, இரண்டு, முழுசாக இருந்தன. மூன்றாவது கூண்டில் நாலாக, ஐந்தாகச் சிதறி, உட்கருவே வீங்கிக் கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். துளி மருந்து குடித்த இரண்டாவது கூண்டிலும் புள்ளிகள் உடைந்திருந்தன. துளிக்கே இந்தக் கதி. என் மகன் அதில் குளித்துக்கொண்டிருந்தான்.

"ஆயா எழுதின நோட்டு இது. இதை நம்பறதா?" என்றார் பெரிய மனுஷர்.

பேராசிரியை என்னைப் பார்த்தார். "எது எந்தக் கூண்டுன்னு உங்களுக்கு முதல்லேருந்தே தெரியுமாம்மா?"

"தெரியுங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பெத்த பிள்ளைகிட்டகூடச் சொல்லலைங்க. அவனும் இதே மருந்தைத்தான் அடிக்கிறான்."

பேராசிரியை பெரிய மனுஷர் பக்கம் திரும்பினார். "சார், இதுல இனிமே சந்தேகம் இருந்தா நீங்க எலிகிட்டதான் கேக்கணும்."

மக்காச்சோளம்

என் பேப்பர் கடைசி வரை கையெழுத்தாகவில்லை. ஆனால் அந்த முடிவை ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து, செல்வம் முன்னால் வைத்தேன். இரண்டு தரம் படித்தான். அடுத்த பட்டத்துக்குப் பருத்தி வேண்டாம், மக்காச்சோளம் போடுகிறேன் என்றான். நான் அம்மனுக்கு நெய்விளக்கு போடக் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "சந்தோஷப்பட்டு எல்லா நெய்யையும் ஊத்திடாதம்மா, சோளத்துக்கும் ஒருத்தன் மருந்து கொண்டாருவான், அப்பவும் நீ சண்டை போடணும்ல."

நோட்டில் இருந்ததை வாய் திறந்து சொல்லாமலே ஊர்ப் பெரிய மனுஷரை எதிர்த்து நின்றவள், எடுபிடி வேலை பார்க்கிற நம்ம கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.