நான்காம் புட்டியின் கறுப்பு

மேலப்பாளையம் சிராஜுதீனின் கண்ணுக்குக் கறுப்பில் முந்நூறு வகை தெரியும். அமாவாசை இருட்டையும் அடுப்புக்கரியையும் பக்கத்தில் வைத்தால், எதில் பச்சை கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முந்நூறு என்பது நான் ஏற்றிச் சொன்னது, பதினைந்து இருக்கும். முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்து ஊரார் முகங்களை எடுத்த மனுஷருக்கு அதுவே பெரிய சொத்து.

அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை வந்தது. மகள் அர்வா, சவூதியின் தம்மாமில் இருக்கும் புருஷனிடம் போகவிருந்தாள். அவள் மூன்று மாதப் பிள்ளையாக இருந்தபோதே தாய் ஸமீஹா மவுத்தாகிவிட்டாள்.

“உங்க கல்யாணப் படம் வேண்டாம் வாப்பா. நான் உம்மா மடியில இருக்கேன்லா, அது தாங்க. எம் பேரப்பிள்ளைக்கும் காட்டணும்.”

ஸ்டுடியோ நெகட்டிவ்களெல்லாம் மார்கழி வெள்ளத்தில் ஊறிப் பசையாகிப் போயிருந்தன. வீட்டு பீரோவில் இருந்ததால் தப்பியது இந்த ஒன்றுதான். ஸ்கேன் செய்தாயிற்று, இனி அது காலத்துக்கும் நிற்கும்படி அச்சாக வேண்டும். பிரிண்டரோடு வந்த மையை அவர் நம்பவில்லை. அது வண்ணங்களைக் கலந்துதான் சாம்பல் நிறம் காட்டும்; ஒரு வண்ணம் முந்தி வெளுத்தால் முகம் செம்பாகிவிடும். அதனால் வெளிக் கம்பெனிகள் விற்கும் மைகளில், கறுப்பும் சாம்பலும் மட்டுமே உள்ளவையாக நான்கு வகை வரவழைத்தார். ஒரு மையிலிருந்து இன்னொன்றுக்கு மாற, பிரிண்டரைக் கழுவவே ஒரு நாள் போயிற்று. நான்கிலும் அதே படத்தை அடித்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டினார்.

பக்கத்துக் கடை பெருமாள்ராஜ் எட்டிப் பார்த்தார். “என்ன வே பாய், கருவாடா காயப் போட்டிருக்கீரு?”

“மையைக் காய விட்டுப் பாக்கேன் வே. மூணு மாசம் வெயில் பட்டாத்தான் எது ஓடுது, எது நிக்கிதுன்னு தெரியும்.”

“மூணு மாசமாவா? கருவாடே தேவலாம்.”

மூன்று மாதம் கழித்துத் தாளை உரித்தார். முதல் மை பாசி பிடித்தது போலாகியிருந்தது. இரண்டாவது, டியூப் லைட்டில் கத்தரிக்காய் நிறம் காட்டியது. மூன்றாவதில் முகம் பதமாக, வெளிச்சமாக இருந்தது; ஆனால் வெயில் பட்ட பாதி கண்ணுக்குத் தெரிய வெளுத்திருந்தது. நான்காவதில் மூடிய பாதி எது, திறந்த பாதி எது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. வெயிலிலும் விளக்கிலும் ஒரே கறுப்பு.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கல்யாணப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான்காவதில் முகம் அதைவிட இரண்டு படி கறுத்திருந்தது. நான்காம் புட்டியை நீர்க்க வைத்து அடித்தார்; கண்ணும் முடியும் செத்துப்போயின. வேறு தாளில் அடித்தார், முகம் அப்படியேதான். ‘மைக்குக் கை கனம்’ என்று புட்டியை ஒதுக்கினார். வியாழக்கிழமை மூன்றாம் மையில் அடித்துச் சட்டம் போட்டு, ‘வெயில் படாமல் வை’ என்று பின்னால் எழுதினார். எப்படி வைத்தாலும் அது பேரப்பிள்ளை காலம்வரை தாங்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முகம் சரியாக இருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அர்வா படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“உம்மா இவ்வளவு செவப்பா வாப்பா? எனக்கு அவுக சாடையே இல்லியே.”

“நீ எங்க உம்மா மாதிரி,” என்றார் சிராஜுதீன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர் திரும்பி வந்தபோது, பிள்ளை நல்லபடி ஏறினாளா என்று கேட்க வந்த லாத்தா சுபைதா பேகம் ஸ்டுடியோவில் சற்று உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் ஸமீஹாவைப் பெண் பார்த்து வந்த அக்கா அவர்தான். மேசை மேல் கிடந்த நான்காம் மைப் படத்தை எடுத்தவர், அதைக் கீழே வைக்கவே இல்லை.

“ஏலே, இதக் குடுக்காம எதலே குடுத்தனுப்பின?”

“அது கறுத்துப் போச்சு லாத்தா. மை சரியில்ல.”

“மையில ஒண்ணுமில்லலே. அவ நெறமே இதுதான். கல்யாணப் படத்துக்கு நெகட்டிவ்ல பென்சில் வச்சு வெளுப்பாக்கினது நீதான? அதப் பாத்துட்டு, ‘இது யாரு மைனி, இவளையா அவுகளுக்குப் பிடிக்குது’ன்னு எங்கிட்ட வந்து அழுதா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அர்வா ஒண்ணும் நம்ம உம்மா மாதிரி இல்லலே. அப்படியே அவ உம்மாதான்.”