கரைக்கு ஒரு செடி

சதுரங்கப்பட்டினம் உப்பங்கழியில் அவரைச் சந்தித்தேன். செடிகளை ஆராய்பவர். ஒல்லியான உடம்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு. காலையிலிருந்து பேசக் கிடைத்த முதல் ஆள் நான்தான் என்றார்.

தெற்கே ஏராளமாக வளரும் ஒரு செடியினம் வடக்கே இந்தக் கழியோடு முடிகிறதாம். இங்கே மிஞ்சியவை இரண்டே செடிகள், கரைக்கு ஒன்று. ஒன்றின் மகரந்தத்தைச் சிறு தூரிகையில் எடுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி இடுப்பளவு நீரில் நடந்துபோய், மற்றதன் பூவில் தடவுவார். வழியில் காற்றடித்தால் திரும்பிப்போய் மறுபடி எடுப்பார்.

அப்போதுதான் வந்து பக்கத்தில் வலை உலர்த்தத் தொடங்கிய மீனவர் சிரித்தார். "இன்னா சார், செடிக்குக் கல்யாணமா? தெக்க அவ்ளோ கீதுன்றியே, அங்கேந்து தூள் எட்தாந்து போட வேண்டிதானே?"

"போட்டா காய்க்கும்ண்ணே. ஆனா இவ்ளோ உப்பைத் தாங்குற குணம் இதுங்களுக்குத்தான் இருக்கு. அதைக் கலந்தா இது போயிடும்."

"இதுங்க ரெண்டும் காய்க்கலன்னா?"

அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அக்கரைச் செடி பட்டுப்போயிருந்தது. இக்கரைச் செடியில் ஒரே ஒரு காய். அதற்கான மகரந்தம் அக்கரைச் செடி கொடுத்துவிட்டுப் போனதா, தெற்கிலிருந்து வந்ததா என்று கேட்க அவர் அங்கே இல்லை.